‘இது யாரு சத்தம்?’: எங்கள் துறை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சார்களுக்கும் மேடங்களுக்கும்,

வணக்கம். குரூப் ப்ராஜெக்டாக நாங்கள் எடுத்த குறும்படத்துக்கு மார்க் வந்துவிட்டது. எங்கள் 9 பேர் குழுவுக்கு 100க்கு 84 போட்டிருக்கிறீர்கள், டைரக்டர் என்ற முறையில் எனக்கு மட்டும் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் இன்னொரு 4. மார்க் குறைந்துபோன ஆத்திரத்தில் எழுதுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள், கூடிப்போன சங்கடத்தில்தான் எழுதுகிறேன். 88 என்று வீட்டில் சொன்னதும் அம்மா நேரே போய் சாமி படத்துக்கு விளக்கு ஏற்றினார்கள். எனக்குப் பக்கத்தில் போய் நிற்கவே கூச்சமாக இருந்தது.

நேரில் வந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வந்தேன், இரண்டு தடவை. முதல் தடவை நீங்கள் எல்லோரும் ஆய்வுக் குழு வருகிறது என்று கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டாவது தடவை, “படம்தான் நல்லா வந்திருக்கேப்பா, இன்னும் என்ன?” என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். டீ நன்றாகத்தான் இருந்தது, சொல்ல வந்ததுதான் அதோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. அதுவும் போக, இது எங்கள் வகுப்போடு முடிகிற விஷயமும் இல்லை. தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பேர் வாங்கிய பாளையங்கோட்டையில் வருடா வருடம் எத்தனையோ பிள்ளைகள் தோளில் கேமராவோடு பஸ் ஏறுகிறார்கள், அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திசையன்விளைப் பக்கம் ஒரு பனையேறித் தாத்தா, ஊரில் தனியாக இருக்கிறார். பேத்தி சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். தினமும் காலை 7 மணிக்குப் போன் பண்ணுவாள், அந்நேரம் அவர் பனை உச்சியில் இருப்பார். போன் கீழே விடிலிக்குள் தொங்குகிற மஞ்சள் பைக்குள் அடித்து அடித்து ஓயும். இவர் இறங்கி வந்து திரும்பக் கூப்பிட்டால் அவள் வகுப்பில் இருப்பாள். 12 நிமிடம், அவ்வளவுதான் கதை. விடிலி தெரியாதவர்களுக்கு: பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிற ஓலைக் குடிசை. தாத்தாவாக நடித்தவர் நிஜமாகவே பனையேறி, 67 வயது. அவருக்கு இது முதல் படம், எங்களுக்கும்தான்.

வைவா அன்று நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என்னிடம் கால் மணி நேரம் பேசினார். கேமராக்காரனிடம் லென்ஸ் என்ன, ஷட்டர் என்ன, அந்த மரத்து உச்சி ஷாட்டை எப்படி எடுத்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். எடிட்டரிடம் ஒரே ஒரு கேள்வி. சுவரோரம் நின்றிருந்த சவுண்டுப் பெண்ணைப் பார்த்து, “நீங்க என்ன பண்ணீங்க?” என்றார். “சவுண்ட் சார்.” “ஓ, சரி, உட்காருங்க.” ஒரு செமஸ்டர் முழுக்க அவள் செய்த வேலைக்கு அந்த அறையில் கிடைத்த நேரம் அவ்வளவுதான். அவள் பேரை இங்கே எழுதினால் என்னைத் தொலைத்துவிடுவாள், ஆகவே சவுண்டுப் பெண் என்றே இருக்கட்டும். நான் அப்போது வாயைத் திறக்கவில்லை, 4 மார்க் சும்மா வருமா?

இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் முடிந்த மறுவாரம் இடம் பார்க்கப் போனோம். வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் ஏறி, மூலைக்கரைப்பட்டி வழியாக, ஜன்னலோரத்தில் தலை கலைந்து, இறங்கும்போது வாயெல்லாம் மண். செம்மண்ணும் பனையும் நீல வானமுமாக, எந்தப் பக்கம் ஃப்ரேம் வைத்தாலும் அழகாக இருந்தது. கேமராக்காரனும் நானும் கல்யாண வீட்டுக்கு வந்த சின்னப் பிள்ளைகள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் ஒரு பனைக்கு அடியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் நின்றாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, “டேய், இங்க பேச்சு நிக்காதுடா, கேட்டுப் பாரு” என்று ஹெட்போனைக் கழற்றித் தந்தாள். நான் வாங்கி மாட்டி, ஒரு பத்து விநாடி கேட்டுவிட்டு, “அட்மாஸ்பியர் சூப்பரா இருக்கு” என்றேன். அவள் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று தெரிந்த ஊர்க்காரர்கள் நாம். மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருகிற பாதையில்தான் வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கமெல்லாம் காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள். வைகாசியில் தொடங்கி புரட்டாசி வரைக்கும் அந்தப் பக்கம் காற்றுக்கு அறுவடைக் காலம். அறுவடைக் காலம் பார்த்து, கையில் ஒரு மைக்கோடு, பேச்சு முக்கியமான ஒரு கதையை எடுத்துக்கொண்டு போகிறோம், அதற்கு நீங்களும் முதல் ரிவ்யூவில் “விஷுவல்ஸ் நல்லா இருக்கும், போங்க” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள். இடத்தின் போட்டோ 20 கேட்டீர்கள், இடத்தின் சத்தத்தை ஒருவரும் கேட்கவில்லை.

காற்றில் இரண்டு விதம் உண்டு என்று அவள்தான் பின்னால் எனக்குப் பாடம் எடுத்தாள். மைக்கில் நேராக மோதுகிற காற்று ‘டும் டும்’ என்று அடிவயிற்றுச் சத்தமாகப் பதியும். அதை மைக்குக்கு உரோம உறை போட்டுத் தடுக்கலாம், மிச்சம் வந்தாலும் கீழ்ச்சுருதியை வெட்டிவிட்டால் பேச்சுக்குப் பெரிய சேதம் இல்லை. பனையோலைச் சத்தம் அப்படி இல்லை. காய்ந்த ஓலைகள் ஒன்றோடொன்று உரசும்போது வருகிற சடசடப்பு, மனிதப் பேச்சில் ச, த, ட, ப என்கிற எழுத்துகள் எங்கே இருக்குமோ அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை எடுக்கப் போனால் பேச்சும் கூடவே வந்துவிடும். சாஃப்ட்வேரில் இரைச்சல் நீக்கும் வசதியைக் கொஞ்சம் கூட்டி வைத்தோம், தாத்தா கிணற்றுக்குள்ளிருந்து பேசினார். குறைத்தோம், அடைமழையில் பேசினார். துறையில் இருப்பது ஒரே ஒரு ரெக்கார்டர், அதன் உரோம உறையைக் கரப்பான் தின்று பாதிதான் மிச்சம். முழுசாகவே இருந்தாலும் ஓலைக்கு அது மருந்தில்லை.

ஷூட்டிங் 3 நாள், ஆடி முதல் வாரம். முதல் நாள் பேச்சுக் காட்சி. ஒவ்வொரு டேக்கிலும் அவள் கையைத் தூக்குகிறாள், கட் சொல்லச் சொல்லி. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன், வெயில் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. நாலாவது டேக்கில் அவள் மைக்கைத் தரையில் வைத்துவிட்டு, “சத்தம் அடங்கட்டும், அப்புறம் எடுக்கலாம்” என்றாள். தாத்தா மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், “எய்யா, காத்த நிறுத்தச் சொல்லுதியளா, பனைய வெட்டச் சொல்லுதியளா?” எல்லோரும் சிரித்தோம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. “டப்பிங்ல பாத்துக்கலாம்” என்று நான் சொன்னேன். தமிழ் சினிமாவே அப்படித்தானே ஓடுகிறது என்று ஒரு நியாயமும் வைத்திருந்தேன். 1931இல் தமிழ்ப்படம் பேச ஆரம்பித்த புதிதில் நடிகர்கள் கேமரா முன்னால் நின்றே பேசவும் பாடவும் வேண்டியிருந்தது, ஒலியைத் தனியாகச் சேர்க்கும் முறை வந்தபிறகுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது என்று நீங்கள் முதல் செமஸ்டரில் நடத்திய பாடம் எனக்கு அன்றைக்கு ரொம்ப வசதியாக ஞாபகம் வந்தது.

இரண்டாம் நாளைப் பற்றி எழுதக் கை வரவில்லை, எழுதாமல் விட்டால் இந்த மடலுக்கும் அர்த்தமில்லை. பனையேற்றம் என்றால் என்ன என்று அதுவரைக்கும் எனக்குப் போட்டோவில்தான் தெரியும். காலில் தளைநார் (இரண்டு காலையும் பிணைக்கிற நார் வளையம்), இடுப்பில் அரிவாள்பெட்டி, மேலே போய் பாளையை மெல்லிசாகச் சீவி, சொட்டுகிற பதநீருக்குக் கலயத்தைக் கட்டிவிட்டு வரவேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். ஒரு நாள் சீவாமல் விட்டாலும் பாளை ஊறுவது குறைந்துவிடும் என்பதால் நல்ல நாள் பொல்லா நாள் என்று லீவு போட முடியாது. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு 40 மரம் ஏறிய தாத்தா, இப்போது 12 மரம்தான் ஏறுகிறார். ஆடியோடு அந்த வருடத்துக்கான பதநீர் ஓய்ந்துவிடும் என்றும் சொன்னார், அதனால் ஷூட்டிங்கைத் தள்ளிப்போடவும் வழியில்லை.

6 மணிக்கு வருகிறோம் என்று சொன்னவர்கள் 7.30க்குப் போய்ச் சேர்ந்தோம். தாத்தா 12 மரமும் ஏறி இறங்கி, பதநீரை அடுப்பில் ஏற்றிவிட்டு, எங்களுக்கும் பதநீர் குடிக்கப் பனையோலைப் பட்டை பிடித்துத் தயாராக வைத்திருந்தார். குடித்தோம். குடித்துவிட்டு, அவரை மறுபடி ஏறச் சொன்னோம். முதல் தடவை தூரத்து ஷாட்டுக்கு. இரண்டாவது தடவை கால், கை, தளைநார் என்று நெருக்கத்தில். மூன்றாவது தடவை எதற்குத் தெரியுமா? மெமரி கார்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் வேர்வையில் விழுந்துவிட்டது, எது காலி கார்டு, எது எடுத்த கார்டு என்று தெரியவில்லை, நான்தான் “இது காலி, ஃபார்மட் போடு” என்றேன். போட்டான். காலையில் எடுத்தது மொத்தமும் போனது. 67 வயது மனிதரிடம் போய், “தாத்தா, இன்னொரு தடவை” என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு ஏறினார்.

நாலாவது தடவைக்கு வருமுன் டிரோன் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஸ்கிரிப்டில் பனை உச்சியை வானத்திலிருந்து பார்க்கிற ஒரு ஷாட் இருந்தது. ஒரு கல்யாண வீடியோக்காரரிடம் 1,500 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து டிரோனும் பேசிவிட்டோம். அவர் பெட்டியைத் திறக்கும்போது டீக்கடை அண்ணாச்சி ஓடி வந்து, “தம்பி, கூடங்குளம் எங்கன இருக்குன்னு தெரியுமா?” என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. அந்த வட்டாரத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது, விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம், மகேந்திரகிரியில் இஸ்ரோ மையம். 2021 டிரோன் விதிகளின்படி வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து மேப் போட்டிருக்கிறார்கள், சிவப்பில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் தூக்கவே கூடாது. பறக்க விடுவதற்கு முன் அந்த மேப்பைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு ஆளுக்கும் வரவில்லை. அண்ணாச்சி புண்ணியத்தில் அன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போகாமல் தப்பித்தோம். அட்வான்ஸ் திரும்பி வரவில்லை.

டிரோன் போனதால்தான் நாலாவது ஏற்றம். என்னுடைய மொபைலைத் தாத்தாவின் நெஞ்சில் துணியால் கட்டி, ரெக்கார்டிங்கை ஓடவிட்டு அனுப்பினோம். மேலே போனதும் அவராகவே உடம்பை மெதுவாகத் திருப்பி, பனந்தலைகளுக்கு மேலே தூரத்தில் கடல் கோடு தெரிகிற பக்கம் ஒரு நிமிடம் நின்றிருக்கிறார். நாங்கள் சொல்லவே இல்லை. தேர்வாளர் வியந்து கேட்டாரே, அந்த ஷாட் அதுதான். எடுத்தவர் தாத்தா. டைட்டிலில் ஒளிப்பதிவு என்று என் வகுப்புத் தோழன் பேரைப் போட்டோம், வைவாவில் “ரிக் பண்ணி எடுத்தோம் சார்” என்று, ஏதோ கருவி கட்டி எடுத்த மாதிரி சொல்லி நானும் சமாளித்தேன். (இதில் ஒரு தண்டனையும் கிடைத்தது. மொபைலில் ஃப்ரேம் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்கிற கணக்கு, நிலையாக இருப்பதில்லை, கூடிக் குறையும். டைம்லைனில் போட்டால் சத்தமும் படமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போனது. எடிட்டர் அதை நேராக்க ஒரு முழு ராத்திரி உட்கார்ந்தான்.)

அன்று இரவு நாங்கள் எல்லோரும் ஊர்ப் பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்துவிட்டோம். அவள் மட்டும் தாத்தா வீட்டுக்குள் போய், காற்று கொஞ்சம் அடங்கிய நேரம் பார்த்து, கதவைச் சாத்தி, ஜன்னலில் போர்வையைக் கட்டி, அவரைப் பேசவிட்டு 40 நிமிடம் பதிவு செய்திருக்கிறாள். வைல்ட் டிராக் என்பார்கள், படத்தோடு சேராமல் தனியாக எடுக்கிற சத்தம். பாட்டியைப் பற்றி, விழுந்து எழுந்ததைப் பற்றி, பேத்தி போன் பற்றி. யாரும் அவளை எடுக்கச் சொல்லவில்லை. காலையில் என்னிடம் சொன்னபோது, “லிப் சிங்க் ஆகாதே, எதுக்கு?” என்று கேட்டேன்.

அப்புறம் டப்பிங். தாத்தாவைப் பாளையங்கோட்டைக்கு வரவழைத்தோம். நம் ஸ்டுடியோவில் ஏசி குளிரில் துண்டைப் போர்த்திக்கொண்டு, காதில் ஹெட்போனோடு, திரையில் தன் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முந்தும், இல்லையென்றால் பிந்தும். இரண்டு மணி நேரம் ஆனதும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “அன்னைக்குப் பேசுனத அன்னைக்கே பேசிட்டம்லா, திரும்ப எப்படிய்யா பேச?” என்றார். அவரைச் சாப்பிட வைத்து பஸ் ஏற்றிவிட்டோம். எங்கள் குழுவில் கொஞ்சம் கரகரத்த தொண்டை உள்ளவன் ஒருவன் தாத்தா மாதிரி பேசினான். நன்றாகவே பேசினான், உங்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை பாருங்கள். குரலை மாற்றிவிட்டோம் என்று தாத்தாவிடம் சொல்ல மட்டும் 9 பேரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மார்க் வருவதற்குப் பத்து நாள் முன்னால் ஊருக்குப் போய்ப் படத்தைப் போட்டுக் காட்டினோம். துறையிலிருந்து வாங்கிப் போன புரொஜெக்டர், பள்ளிக்கூடச் சுவரில் ஒரு வேட்டி. பெண்களும் பிள்ளைகளுமாக ஊரே உட்கார்ந்திருந்தது. தாத்தா முதல் வரிசையில், நாங்கள் வாங்கிக் கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு. திரையில் அவர் வாயைத் திறந்தார். என் வகுப்புத் தோழன் குரல் வந்தது. பின்னால் யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். தாத்தா திரும்பி என்னைப் பார்த்து, மெதுவாக, “இது யாரு சத்தம்?” என்று கேட்டார். நான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “எஞ் சத்தம் அம்புட்டுக்கு மோசமாவா இருந்துச்சு?” என்றார். படம் முடியும் வரைக்கும் வேறு ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும் டப்பிங் பேசியவனைக் கூப்பிட்டு, “நல்லாத்தான்ல பேசியிருக்க” என்று முதுகில் தட்டிக் கொடுத்தார், அவன் அழுதுவிட்டான்.

அந்தப் படத்துக்குத்தான் 84.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருக்கிறாள், அந்த நோட்டையும் யாரும் கேட்கவில்லை. ஆளுக்கு 1,500 வீதம் 13,500 ரூபாய். லென்ஸ் வாடகை 3,600, சாப்பாடு 4,100, பஸ், ஆட்டோ 2,900, பறக்காத டிரோனுக்கு 1,500, பேட்டரி, டேப் இத்யாதி 900. மிச்சம் 500-இல் தாத்தாவுக்கு ஒரு வேட்டி துண்டு. பறக்காத டிரோனுக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குதான் அவருக்குக் கொடுத்தோம். நீங்கள் தருகிற பட்ஜெட் படிவத்தை எடுத்துப் பாருங்கள், கருவி, பயணம், உணவு, இதர செலவு என்று 4 கட்டம் இருக்கும். கேமரா முன்னால் நிற்கிற ஆளுக்கு என்று ஒரு கட்டம் கிடையாது. படிவத்தில் இல்லாததால் எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை என்று சொன்னால் அது பாதி உண்மைதான், தோன்றியிருக்க வேண்டும். மார்க் வந்தபிறகு 9 பேரும் சேர்ந்து, அவர் எங்களுக்காக வேலை விட்ட 4 நாளுக்குக் கூலி கணக்குப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சும்மா வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, எங்கள் கையில் 3 கிலோ கருப்பட்டியைத் திணித்த பிறகுதான் வாங்கினார்.

குழுவுக்குள் நடந்த சண்டையெல்லாம் பெரிதாக எழுதத் தேவையில்லை, எல்லாக் குழுவிலும் நடப்பதுதான். எடிட்டரும் நானும் 8 நாள் பேசவில்லை, ஒரே டேபிளில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் பேசினோம். ஒருத்தன் முதல் நாளுக்கு அப்புறம் வரவே இல்லை, அவனை குரூப்பில் எல்லோருக்கும் முன்னால் கண்டபடி திட்டினேன். அவன் அப்பா படுத்த படுக்கையாகி, இவன் டவுனில் ஒரு கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான் என்று செமஸ்டர் முடிந்துதான் தெரியும். அவனுக்கும் 84. அதைப் பிடுங்கச் சொல்லி நான் கேட்கவில்லை. குழுவில் யார் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று நடுவில் ஒரு தடவையாவது நீங்கள் கேட்டிருந்தால் அவனும் சொல்லியிருப்பான், நானும் அந்த வார்த்தைகளை டைப் செய்திருக்க மாட்டேன். டைரக்டரிடம் கேட்டால் போதும், குழுவைக் கேட்ட மாதிரி என்று நினைத்துவிட்டீர்கள். நானும் ஒவ்வொரு ரிவ்யூவிலும் “எல்லாம் நல்லா போகுது சார்” என்றுதான் சொன்னேன்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த வருடம் பிள்ளைகள் இடத்தின் போட்டோ கொண்டுவரும்போது, அதே இடத்தில், ஷூட்டிங் நடக்கப்போகிற அதே நேரத்தில் பதிவு செய்த ஒரு நிமிடச் சத்தத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அதை ஹெட்போனில் முழுசாகக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கேட்டிருந்தால் எங்களை நீங்கள் அந்தப் பனங்காட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டீர்கள், அல்லது பேச்சைக் குறைத்துக் கதையை மாற்றி எழுதச் சொல்லியிருப்பீர்கள். ஆடியில் வெளியே போகாமல் தை மாதம் போகட்டும் என்றால் அதற்கு யுனிவர்சிட்டி காலண்டர் இடம் தராது என்பது எனக்கும் தெரியும். மழைக்காலத்தையும் நம்ப முடியாது, 2023 டிசம்பரில் மார்கழி பிறந்த அன்று தொடங்கி ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணி கரை மீறியதில் சீனியர்கள் சிலருடைய ஹார்ட் டிஸ்க் வீட்டோடு முழுகிப்போனது. மாதத்தை மாற்ற முடியாதென்றால் போகட்டும், மாதத்துக்கு ஏற்ற கதையா என்றாவது பார்க்கலாம் இல்லையா?

பட்ஜெட் படிவத்தில் ஒரு கட்டம் கூடப் போடுங்கள். வைவாவில் 9 பேர் நின்றால் 9 பேரிடமும் கேளுங்கள், கேமராவைக் கேட்கிற அதே கால் மணி நேரம் சவுண்டுக்கும். மேனேஜர் நோட்டை வாங்கிப் படியுங்கள், எந்தக் குழு எப்படி வேலை செய்தது என்பது படத்தில் தெரியாது, அந்த நோட்டில் தெரியும். ஒரு ஆளை எத்தனை தடவை மரம் ஏற வைத்தோம் என்று எங்கள் நோட்டில் எழுதியிருக்கிறது, தேதி, நேரத்தோடு. என்னுடைய 4 மார்க்கை சவுண்டுப் பெண்ணுக்கு மாற்றிக் கொடுக்க விதியில் இடம் இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தால் நான் எழுதித் தருகிறேன். அவளிடம் கேட்டதற்கு, “உன் மார்க்க நீயே வச்சுக்கோ, முதல்ல ஹெட்போன மாட்டு” என்றாள்.

மாட்டினேன். அந்த 40 நிமிடத்தை முதன்முதலாக முழுசாகக் கேட்டேன். தாத்தா நடுநடுவே இருமுகிறார், வெத்தலையை இடம் மாற்றிக்கொள்கிறார், “அவ கூப்பிடுத நேரம் நான் மேல இருப்பேன், எனக்குக் கேக்காது, ஆனா பனைக்குக் கேக்கும்லா” என்கிறார். நாங்கள் எழுதி வைத்திருந்த 3 பக்க வசனத்தில் இப்படி ஒரு வரி கிடையாது. கடந்த 2 வாரமாக எடிட்டரும் அவளும் நானும் படத்தைத் திரும்ப வெட்டிக்கொண்டிருக்கிறோம். வாய் அசைகிற ஷாட் எல்லாவற்றையும் தூக்கிவிட்டோம். அவர் ஏறுகிறார், சீவுகிறார், இறங்குகிறார், மேலே அவருடைய சொந்தக் குரல் போகிறது. பனையோலைச் சத்தத்தை இந்தத் தடவை துடைக்கவில்லை, பேச்சு இல்லாத இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம். 12 நிமிடம் 9 நிமிடமாகிவிட்டது. ஒளிப்பதிவில் இரண்டு பேர், இரண்டாவது பேர் தாத்தாவுடையது.

வருகிற வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் முடிந்ததும் லேபில் போடுவதாக இருக்கிறோம். மார்க்குக்காக இல்லை, பார்ப்பதற்கு வாருங்கள். தாத்தாவும் வருகிறேன் என்றிருக்கிறார், திசையன்விளையிலிருந்து மூன்று மணி பஸ். வந்து சேர எப்படியும் ஐந்தாகிவிடும், அவர் வந்தபிறகுதான் தொடங்குவோம். லேப் சாவியையும் நல்ல ஸ்பீக்கர் இரண்டையும் அன்றைக்கு மட்டும் ஆறரை மணி வரைக்கும் எங்களிடம் விட்டுவைக்க முடியுமா? ஏசியைக் கொஞ்சம் குறைத்து வைக்கவும் அட்டெண்டர் அண்ணாச்சியிடம் சொல்லிவிடுங்கள், போன தடவை தாத்தாவுக்கு ரொம்பக் குளிர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் மூன்றாம் ஆண்டு மாணவன்,
பாளையங்கோட்டை